கீழே விழுந்த படம்

இந்தக் காட்சியை நீங்கள் பத்து முறையாவது பார்த்திருப்பீர்கள். ஒரு பெண் மயங்கி விழுகிறாள். அவள் கையிலிருந்த காதலனின் படம் நழுவிக் கீழே விழுகிறது. வழியோடு போன ஒருவர் ஓடிவந்து அவளைத் தாங்குகிறார். அதை அவர் மனைவி ஜன்னல் வழியே பார்த்துவிடுகிறாள். கோபத்தோடு இறங்கி வந்தால், தரையில் அந்தப் படம். எடுத்து, பிள்ளை லட்சணமாக இருக்கிறானே என்று அவள் ரசிக்கும் நேரம் பார்த்துப் புருஷன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார். அப்புறம் என்ன, வீடு ரெண்டுபடும்.

உத்திரமேரூர் பக்கம் மணலைக் குவித்து, அதன்மேல் உட்கார்ந்து டூரிங் டாக்கீஸில் படம் பார்த்தவர்களும் சரி, இன்றைக்கு சீரியல் பார்க்கிறவர்களும் சரி, இதை நம்ம ஊர்ச் சரக்கு என்றுதான் நினைப்பார்கள். தமிழில் இந்தக் கதையை ஒரு முழுநீளச் சிரிப்புப் படமாகக் கொண்டுவந்தது 1942-இல் ஏ.வி.மெய்யப்பன் தயாரித்த 'என் மனைவி'. ஆனால் சரக்கு கிளம்பிய இடம் பாரிஸ்.

1660 மே மாதம் அங்கே மோலியேர் என்ற நாடகக்காரர் 'ஸ்கானரேல்' என்ற ஒற்றை அங்க நாடகத்தை மேடையேற்றினார். மனைவி தன்னை ஏமாற்றுவதாகக் கற்பனை செய்துகொண்டு அல்லாடும் கணவனின் கதை. கணவன் வேடம் அவருக்கே. அவர் நடித்த அரங்கில் அதற்கு முன்பு முறை வைத்து ஒரு இத்தாலியக் குழுவும் ஆடியிருந்தது. முகமூடிக்காரர்கள்; எழுதிவைத்த வசனம் கிடையாது. கதைப்போக்கு மட்டும் கையில் இருக்கும், மீதியை மேடையிலேயே கட்டிவிடுவார்கள். பாரதக் கூத்தில் ராஜாவையே வம்புக்கு இழுக்கும் நம் கட்டியங்காரனின் தொழில்தான் அது. அந்த இத்தாலியர்களிடம் 'படம்' என்று பொருள்படும் தலைப்பிலேயே ஒரு கதை இருந்தது, மோலியேர் அங்கிருந்துதான் எடுத்தார் என்று ஒரு கட்சி உண்டு.

மோலியேரிடமிருந்து எடுத்தவர் யார் என்பதில் கட்சிபேதமே இல்லை. நெஃப்வில்நேன் என்ற பெயரில் ஒரு மனிதர் நாடகத்தை ஐந்தாறு தடவை பார்த்தார். பார்த்ததில் முழுக்க மனப்பாடமாகிவிட்டதாம். அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டார். அதை மோலியேருக்கே சமர்ப்பணமும் செய்தார்! மோலியேர் சட்டத்தின் துணையை நாட வேண்டியதாயிற்று. திருட்டு வி.சி.டி.க்கு இவர்தான் கொள்ளுத்தாத்தா. ஆனால் திருடர் ஒரு நல்லதும் செய்தார். காட்சிக்குக் காட்சி தன் குறிப்பைச் சேர்த்து, மோலியேரின் முகம் எப்படியெல்லாம் கோணியது என்று எழுதிவைத்தார். அவர் நடிப்பைப் பற்றி இன்றைக்கு ஆராய்கிறவர்கள் அந்தக் குறிப்புகளைத்தான் புரட்டுகிறார்கள்.

நூறு வருஷம் கழித்து, 1761-இல், படம் லண்டனில் விழுந்தது. ஆர்தர் மர்ஃபி என்ற அயர்லாந்துக்காரர் ஒற்றை அங்கத்தை ஐந்து அங்கமாக இழுத்து ஆங்கிலமாக்கினார். இதில் கணவனுக்கு இருக்கும் சந்தேகத்துக்கு மனைவியின் சந்தேகம் சற்றும் சளைத்ததல்ல.

ஆங்கிலம் கற்பித்த பள்ளிக்கூடங்களோடு ஆங்கில நாடகமும் இந்தியா வந்தது. சாங்லி பக்கத்து ஹரிப்பூரைச் சேர்ந்த கோவிந்த பல்லாள் தேவல் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மர்ஃபியை மராத்திக்குக் கொண்டுவந்தார். முதலில் பாட்டில்லாத நாடகம். அதன் பெயரிலேயே 'படத்தால் வந்த குழப்பம்' என்று இருந்தது. பிறகு பாட்டெழுதிச் சேர்த்து அதை 'சங்கீத சம்சய கல்லோள்' ஆக்கினார். அதாவது சந்தேக அலை. பாத்திரங்களுக்குப் பெயர் தேட அவர் பஞ்சாங்கத்தைப் பிரித்திருக்க வேண்டும். சந்தேகப் புருஷன் பால்குன ராவ், மனைவி கிருத்திகா, காதலர்கள் ரேவதியும் அஸ்வின் சேட்டும். பாரிஸ் குடும்பத்துக்கு இப்படி மாதமும் நட்சத்திரமும் வைத்துப் பெயர்சூட்டு விழா நடத்திய குறும்பு எனக்கு மூலத்தைவிடப் பிடிக்கிறது. 1916-இல் கந்தர்வ நாடக மண்டலி அதை மேடையேற்றியது. ரேவதியாகப் பாடியவர் பால கந்தர்வர், பெண் வேடத்துக்குப் பேர்போன ஆண். தேவல் அதைப் பார்க்கவில்லை. சில மாதம் முன்புதான் இறந்திருந்தார்.

தமிழ் நாடக மேடைக்கும் மோலியேர் புதியவரல்ல. 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், மோலியேரின் ஸ்காப்பேனுக்குக் காளப்பன் என்று பெயரிட்டு 'காளப்பன் கள்ளத்தனம்' எழுதினார். இவருடைய 'சபாபதி'யை மெய்யப்பன் 1941-இல் படமாக்கினார். எஜமானும் சபாபதி, வேலைக்காரனும் சபாபதி, டி.ஆர்.ராமச்சந்திரனும் காளி என்.ரத்தினமும். புராணமில்லாமல், ராஜா ராணி இல்லாமல், சிரிப்பை மட்டும் நம்பி ஒரு படம் ஓடும் என்று அது காட்டியது.

அடுத்த வருஷம் 'என் மனைவி'. இயக்குநர் சுந்தர்ராவ் நட்கர்ணி, பம்பாய் சினிமாவில் தொழில் பழகியவர். கதை மராத்தியிலிருந்து வந்தது. 'சபாபதி'யில் தமிழ் வாத்தியாராக வந்து வயிற்றைப் புண்ணாக்கிய கே.சாரங்கபாணிக்கு இதில் முக்கிய வேடம். உடன் கே.ஆர்.செல்லம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பீதியில் சென்னையே மூட்டை முடிச்சோடு கிராமங்களுக்கு ஓடிய வருஷம் அது. அந்த வருஷத்தில் ஒரு சந்தேகப் புருஷனைப் பார்த்துச் சிரிக்க ஜனங்களுக்கு மனம் இருந்திருக்கிறது. நட்கர்ணி இரண்டு வருஷம் கழித்து எடுத்ததுதான் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்'.

படத்தைக் கிராமத்துக்குச் சுமந்த டூரிங் கொட்டகைக்கும் ஒரு பிரெஞ்சு வாசல் உண்டு. 1905-இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் சினிமாக் கருவியோடு ஊர் ஊராகப் போனவர், திருச்சியில் நோய்வாய்ப்பட்டார். கருவியை விற்க வேண்டியதாயிற்று. வாங்கியவர் அங்கே ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட். கூடாரம் போட்டுப் படம் காட்டும் தொழில் தமிழ்நாட்டில் அவரோடுதான் சூடு பிடித்தது.

பாரிஸுக்கு இங்கிருந்தும் ஒன்று போனது. உத்திரமேரூருக்குப் பக்கத்து மாவட்டத்தில், செய்யாறு பக்கம், புரிசை என்று ஒரு கூத்து ஊர் இருக்கிறது. கண்ணப்ப தம்பிரான் வழிவந்த சம்பந்தன் தம்பிரான், பாரிஸ் ஓரத்தில் வேன்சென் காட்டுக்குள் இருக்கும் ஆரியான் முனுஷ்கினின் நாடகக் குழுவுக்குத் தெருக்கூத்து கற்றுக்கொடுத்தார். 2016-இல் அந்தக் குழுவின் புதிய நாடகத்துக்குள் நம் பாரதக் கூத்தும் வந்தது. பல தேசத்து நடிகர்கள் வேஷம் கட்டி, அடவு போட்டு, தமிழிலேயே பாடினார்கள்.