கன்னடம் பெற்ற ஆறு தங்கத் தாமரைகள்

மத்திய அரசு 1954இல் தொடங்கிய தேசியத் திரைப்பட விருதுகளில், ஆண்டின் சிறந்த கதைப்படத்துக்கு உரியது முதலில் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் என்றும் பின்னர் தங்கத் தாமரை என்றும் வழங்கப்பட்டது. 1953ஆம் ஆண்டுக்கான முதல் பதக்கத்தை மராத்திப் படமான 'ஷ்யாம்சி ஆயி' பெற்றது. சென்னை ஸ்டூடியோக்களையே பெரிதும் நம்பியிருந்த கன்னடத் திரையுலகுக்கு, அப்பதக்கம் 1970ஆம் ஆண்டின் 'சம்ஸ்காரா' மூலம்தான் வாய்த்தது.

யு. ஆர். அனந்தமூர்த்தி 1965இல் வெளியிட்ட நாவலைத் தெலுங்குக் கவிஞர் பட்டாபிராம ரெட்டி படமாக்கினார். கிரீஷ் கார்னாட் திரைக்கதை எழுதி முதன்மைப் பாத்திரத்தில் நடிக்க, ஆஸ்திரேலியரான டாம் கோவன் ஒளிப்பதிவு செய்தார். ஆசாரத்தை உதறி வாழ்ந்து இறந்த ஒருவருக்கு ஈமக்கடன் செய்வது யார் என்று அக்ரகாரம் திகைத்து நிற்பதே கதையாதலால், தணிக்கைத் துறை முதலில் படத்தைத் தடை செய்தது. தடை நீங்கியபின் அதே அரசின் உயரிய விருது அதனைத் தேடி வந்தது.

அதன்பின் 1975இல் சிவராம காரந்தின் நாவலை பி. வி. காரந்த் படமாக்கிய 'சோமன துடி'யும், 1977இல் அனந்தமூர்த்தியின் சிறுகதையிலிருந்து கிரீஷ் காசரவள்ளி எடுத்த 'கடஷ்ராத்தா'வும் விருது பெற்றன. கடஷ்ராத்தம் என்பது, விலக்கப்பட்டவருக்கு அவர் உயிரோடிருக்கும்போதே குடத்தை உடைத்துச் செய்யும் சாவுச் சடங்காகும். பூர்ணசந்திர தேஜஸ்வியின் கதையை ஒட்டி 1986இல் காசரவள்ளி இயக்கிய 'தபரன கதே', ஓய்வூதியத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் கடைநிலை ஊழியரைக் காட்டியது. அவ்வேடத்துக்காகத் தமிழ் நடிகர் சாருஹாசன் சிறந்த நடிகருக்கான தேசிய விருதையும் பெற்றார். 1997இன் 'தாயி சாஹேபா'வும், அணைநீரில் மூழ்கும் ஊரைப் பற்றி நா. டிசோசா எழுதிய நாவலிலிருந்து உருவான 2001இன் 'த்வீபா'வும் காசரவள்ளியின் படங்களே. இவ்வாறு ஆறில் நான்கு அவர் ஒருவருடையவை.

இவ்வரலாற்றில் விருதின் ஊற்று ஸ்டூடியோவில் அன்றி, நவீனக் கன்னட இலக்கியத்திலும், மொழி எல்லை பாராமல் அதனைச் சூழ்ந்து நின்ற கலைஞர்களிடத்திலும் இருந்தது. கன்னடம் நான்கு தாமரைகளைப் பெற்ற பின்னரே தமிழுக்கு முதல் தாமரை கிடைத்தது. 1990ஆம் ஆண்டுக்கான அவ்விருதைப் பெற்ற 'மறுபக்கம்' படமும் இந்திரா பார்த்தசாரதியின் 'உச்சி வெயில்' என்னும் எழுத்திலிருந்து பிறந்ததேயாகும்.