பழ ஈக்களின் நேர வேறுபாடும் தமிழகக் காலவுயிரியல் ஆய்வு மரபும்

முன்னுரை

திருப்பூர் மாவட்டம் பல்லடம் வட்டார விசைத்தறிக்கூடங்களில் பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு எனத் தொழில் நடைபெறுகிறது. விடியலில் ஊக்கத்துடன் இயங்குவோர் சிலர் இரவுப் பணியில் தளர்வதும், வேறு சிலர் தளராது நிற்பதும் உண்டு. இவ்வேறுபாடு பழக்கத்தால் மட்டும் வருவதா, உடலோடு பிறப்பதா என்பது வினா. இதனை ஒத்த வினாவைப் பழ ஈக்களிடம் ஆராய்ந்த வரலாற்றில் மதுரைக்கும் இடமுண்டு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒளியும் உயிர்க்கடிகாரமும்

பழ ஈக்கள் கூட்டுப்புழுக் கூட்டினின்று பெரும்பாலும் விடியலை ஒட்டியே வெளிவருகின்றன. தொடர் இருளிலும் ஏறத்தாழ 24 மணி நேர ஒழுங்கு நீடிப்பதால், இது உள்ளிருந்து இயங்கும் கடிகாரத்தின் செயலாகும். 1971இல் அமெரிக்காவில் கோனாப்கா, பென்சர் ஆகிய இருவரும் ஒரே மரபணுவின் மாற்றங்களால் சுழற்சி 19 மணியாகக் குறுகிய ஈக்களையும், 28 மணியாக நீண்ட ஈக்களையும், சுழற்சியே அற்ற ஈக்களையும் கண்டறிந்தனர்.

முன்னிரவில் படும் ஒளி இக்கடிகாரத்தைப் பின்தள்ளும். பின்னிரவில் படும் ஒளி முன்நகர்த்தும். இவ்விரு விளைவுகளுக்கும் தேவைப்படும் நீல ஒளியின் ஆற்றல் ஒன்றன்று என்பதை எம்.கே. சந்திரசேகரன், ஜெர்மானிய அறிஞர் எங்கெல்மானுடன் இணைந்து 1973இல் வெளியிட்டார்.

மதுரையும் பெங்களூருவும்

பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சந்திரசேகரன் காலவுயிரியல் ஆய்வை வளர்த்தார். குகை வௌவால்களின் பறப்பு ஒழுங்கு தம் இனத்தாரின் நடமாட்டத்தாலும் ஒத்திசைக்கப்படுகிறது என்பதை மாரிமுத்து முதலியோருடன் 1981இல் காட்டினார். வெளியுலகத் தொடர்பின்றி மனிதரைத் தங்கவைத்து அவர்தம் உறக்க விழிப்புச் சுழற்சியை ஆராயும் கூடமும் அங்கு இயங்கிற்று.

அவர் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையத்துக்குச் சென்றபின் பழ ஈ மீண்டும் ஆய்வுப்பொருளாயிற்று. இரவு பகல் வேறுபாடற்ற சூழலில் 600 தலைமுறை வளர்க்கப்பட்ட ஈக்களிடமும் வெளிவரும் ஒழுங்கு அழியவில்லை என்பது ஷீபா வாசு, விஜய்குமார் சர்மா, அமிதாப் ஜோஷி ஆகியோருடன் அவர் 1999இல் வெளியிட்ட முடிவு. மதுரையில் அவரிடம் வினவப்பட்டது கடிகாரத்தை ஒத்திசைப்பது எது என்பது; பெங்களூருவில் அது எவ்வாறு வேறுபட்டு மரபில் நிலைக்கிறது என்பதாக விரிந்தது.

சர்மா குழுவினர் காலை 5 முதல் 9 மணிக்குள் வெளிவரும் ஈக்களை ஒரு வழியாகவும், மாலை 5 முதல் 9 மணிக்குள் வெளிவருவனவற்றை மற்றொரு வழியாகவும் தேர்ந்து, 55 தலைமுறை வளர்த்தனர். காலை வழியினவற்றின் உட்சுழற்சி குறுகியது. மாலை வழியினவற்றினது நீண்டது. 2007இல் வெளியான இம்முடிவு, நேர வேறுபாடு மரபுவழிப்பட்டது என்பதையும் கடிகாரத்தோடு பிணைந்தது என்பதையும் உறுதிப்படுத்தியது.

முடிவுரை

ஈயின் முடிவை மனிதர்க்கு அப்படியே பொருத்துதல் ஆகாது. எனினும் கடிகார மரபணுக்களின் அடிப்படை அமைப்பு இரண்டிலும் ஒத்துள்ளது. ஒளியின் நேரத்துக்கேற்ப மனிதக் கடிகாரமும் முன்பின் நகர்கிறது. ஆகவே விளக்கொளியில் விடிய விடியத் தறியருகே நிற்பவரின் அயர்வைச் சோம்பல் என ஒதுக்குவது அறிவியலுக்குப் பொருந்தாது. ஷிப்டு ஒதுக்கீட்டில் உடலின் கடிகாரமும் கணக்கில் கொள்ளப்படவேண்டும் என்பதே இவ்வாய்வு மரபு தொழில் நகரங்களுக்கு உணர்த்துவதாகும்.