உழவர் சாம்பேன்

உழவர் சாம்பேன் என்பது, பிரான்சு நாட்டின் வடகிழக்கே அமைந்துள்ள சாம்பேன் பகுதியில், திராட்சை பயிரிடும் உழவர்கள் தம் சொந்தத் தோட்டத்து விளைச்சலைக் கொண்டு தாமே தயாரித்து, புட்டியில் அடைத்து, தம் பெயரிலேயே விற்கும் நுரைக்கும் வைன் ஆகும். இத்தகைய உற்பத்தியாளர் பிரெஞ்சு மொழியில் ரெக்கோல்ட்டான் மனிப்புலான் என அழைக்கப்படுகின்றார். அறுவடை செய்பவரே வைனையும் ஆக்குகின்றார் என்பது இச்சொற்றொடரின் கருத்து. பல ஊர்களின் திராட்சையை விலைக்கு வாங்கிக் கலந்து தயாரிக்கும் பெரும் வணிக இல்லங்களின் சாம்பேனிலிருந்து இது வேறுபடுகின்றது. ஒரே ஊர் அல்லது ஒரே தோட்டத்தின் இயல்பைச் சுவையில் வெளிப்படுத்துவதே இவ்வகை வைனின் சிறப்பாகக் கருதப்படுகின்றது.

நிலமும் உடைமையும்

சாம்பேன் பகுதியில் ஏறத்தாழ 34,000 எக்டேர் பரப்பில் திராட்சை பயிரிடப்படுகின்றது. சுமார் 16,000 உழவர் குடும்பங்கள் இத்தொழிலில் ஈடுபட்டுள்ளன. ஒருவருக்குச் சராசரியாக 2 எக்டேர் அளவு நிலமே உள்ளது. அதுவும் பெரும்பாலும் ஒரே இடத்தில் இல்லாமல் சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும்.

மொத்தத் தோட்டப் பரப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு உழவர்களுக்கு உரியது. ஆனால் விற்கப்படும் சாம்பேனில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது வணிக இல்லங்களின் பெயரில் வெளிவருகின்றது. நிலம் ஒருவரிடமும் பெயர் மற்றொருவரிடமும் இருக்கும் இந்த முரண்பாடே சாம்பேன் பகுதியின் நூற்றாண்டு கால வரலாற்றின் அடிப்படையாக உள்ளது.

டெர்வார்

மண், அடிப்பாறை, நிலச்சரிவின் திசை, தட்பவெப்பம், பயிரிடும் மரபு ஆகியன சேர்ந்து ஓரிடத்து விளைபொருளுக்குத் தரும் தனித்தன்மை பிரெஞ்சு மொழியில் டெர்வார் எனப்படுகின்றது. சாம்பேன் பகுதி ஏறத்தாழ 49 பாகை வட அட்சக்கோட்டில், திராட்சை நன்கு முதிர்வதற்குரிய குளிர் எல்லையின் அருகில் அமைந்துள்ளது. இதனால் இங்கு விளையும் திராட்சையில் புளிப்பு மிகுதியாகவும் இனிப்பு அளவாகவும் இருக்கும்.

பகுதியின் பெரும்பாகத்தில் அடியில் சுண்ணப் பாறை காணப்படுகின்றது. நுண்துளைகள் நிறைந்த இப்பாறையின் ஒரு கன மீட்டர் 300 முதல் 400 லீட்டர் வரை நீரைத் தேக்கி வைக்க வல்லது. மழைக்காலத்தில் வேர்கள் அழுகாமலும் வறட்சியில் வாடாமலும் இது காக்கின்றது. முதன்மையான உட்பகுதிகள் பின்வருமாறு:

- ரெய்ம்ஸ் மலை: ரெய்ம்ஸ் நகருக்கும் எப்பர்னே நகருக்கும் இடைப்பட்ட குன்றுப் பகுதி. பினோ நுவார் என்னும் கருந்திராட்சை இங்கு சிறப்பாக விளைகின்றது.
- மார்ன் பள்ளத்தாக்கு: களிமண் மிகுந்த ஆற்றோரச் சரிவுகள். உறைபனியை ஓரளவு தாங்கும் மெனியே என்னும் கருந்திராட்சை இங்கு மிகுதி.
- கோட் டெ பிளான்: எப்பர்னேக்குத் தெற்கேயுள்ள சுண்ணச் சரிவு. ஷார்டனே என்னும் வெண்திராட்சைக்குப் பெயர் பெற்றது.
- கோட் டெ பார்: தெற்கே ஓப் மாவட்டத்தில் உள்ளது. இதன் சுண்ணக் களிமண், அண்டையிலுள்ள ஷப்லி பகுதியின் மண்ணை ஒத்தது.

தயாரிப்பு முறை

சட்டப்படி திராட்சை முழுவதும் கையாலேயே பறிக்கப்பட வேண்டும். 4,000 கிலோகிராம் பழத்திலிருந்து 2,550 லீட்டர் சாறு மட்டுமே பிழிய அனுமதி உண்டு. சாறு நொதித்து நுரையற்ற வைனாகிய பின்னர், சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புட்டியில் அடைக்கப்படும். மூடிய புட்டிக்குள் இரண்டாம் முறை நொதித்தல் நிகழும்போது உண்டாகும் கரியமில வாயுவே நுரைக்குக் காரணம். ஆண்டு குறிப்பிடாத வைன் குறைந்தது 15 மாதங்களும், ஆண்டு குறிப்பிட்ட வைன் குறைந்தது 3 ஆண்டுகளும் புட்டியில் முதிர வேண்டும். பின்னர் வண்டல் நீக்கப்பட்டு, தேவைக்கேற்பச் சிறிது சர்க்கரை சேர்க்கப்படும்.

இம்முறை இரு சாராருக்கும் பொதுவானது. வேறுபாடு கலப்பிலேயே உள்ளது. வணிக இல்லம் பல ஊர், பல ஆண்டு வைன்களைக் கலந்து, ஆண்டுதோறும் மாறாத சுவையை உருவாக்க முயல்கின்றது. உழவரிடம் இருப்பவை சில துண்டு நிலங்களே. ஆதலால் ஆண்டின் மாற்றமும் ஊரின் இயல்பும் அவரது வைனில் வெளிப்படையாகத் தெரியும். இடத்தின் சுவையை மறைக்காதிருக்கும் பொருட்டுப் பல உழவர்கள் இறுதியில் சேர்க்கும் சர்க்கரையை மிகவும் குறைக்கின்றனர். சிலர் முற்றிலும் தவிர்க்கின்றனர்.

வரலாறு

1911 கலவரங்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலான உழவர்கள் திராட்சையை வணிகர்களுக்கு விற்றே வாழ்ந்தனர். வணிகர்களுள் சிலர், தொடருந்து மூலம் லுவார் பள்ளத்தாக்கிலிருந்தும் தெற்குப் பிரான்சிலிருந்தும் மலிவான வைனைத் தருவித்து, சாம்பேன் என்ற பெயரில் விற்றனர். உள்ளூர்த் திராட்சையின் விலை வீழ்ந்தது. வேர்களைத் தாக்கும் ஃபிலொக்செரா பூச்சியும் இதே காலத்தில் தோட்டங்களை அழித்து வந்தது. 1904 ஆம் ஆண்டில் உழவர்களின் பொதுச் சங்கம் உருவானது.

1908 ஆம் ஆண்டு ஆணை, சாம்பேன் பகுதியின் எல்லையை முதன்முறையாக வரையறுத்தது. எனினும் ஏமாற்று வணிகம் நிற்கவில்லை. 1910 இல் உறைபனி, ஆலங்கட்டி மழை, பூஞ்சண நோய் ஆகியவற்றால் அறுவடை பெரும்பாலும் அழிந்தது. 1911 சனவரியில் டமெரி, ஓவில்லேர் ஆகிய ஊர்களில் உழவர்கள் வெளியூர் வைனை மறித்துக் கொட்டினர். மறுபுறம், எல்லைக்கு வெளியே விடப்பட்ட ஓப் மாவட்டத்தினர் தம்மையும் சேர்க்குமாறு ட்ருவா நகரில் பேரணி நடத்தினர். ஏப்ரல் 11 அன்று நாடாளுமன்ற மேலவை எல்லை வரையறைக்கு எதிராக முடிவெடுத்த செய்தி பரவியதும், மார்ன் மாவட்ட உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆயி என்னும் ஊரில் வணிகர்களின் கட்டடங்கள் எரிக்கப்பட்டன. படையினர் வரவழைக்கப்பட்டனர்.

ஓப் மாவட்டம் 1911 இல் இரண்டாம் தரப் பகுதியாகவும், 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தால் முழு உரிமையுள்ள பகுதியாகவும் ஏற்கப்பட்டது. 1936 இல் சாம்பேன், பிரான்சின் கட்டுப்படுத்தப்பட்ட இடப்பெயர் முறையின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. 1941 இல் உழவர்களும் வணிக இல்லங்களும் சமமாகப் பங்குபெறும் தொழிற்குழு அமைந்தது.

உழவர்கள் தாமே விற்கத் தொடங்குதல்

1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வணிக இல்லங்கள் திராட்சை வாங்குவதைக் குறைத்தன. விற்க இயலாத விளைச்சலைத் தாமே வைனாக்கும் நிலை பல உழவர்களுக்கு ஏற்பட்டது. கூட்டுறவு ஆலைகளும் பெருகின. 1971 இல் 12 உழவர் குடும்பங்கள் சேர்ந்து ஒரு கழகத்தை நிறுவி, தம் சிறந்த வைனைத் தனி வடிவப் புட்டியில் ஸ்பெஷல் கிளப் என்ற பெயரில் வெளியிட்டன.

மறுபுறம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கை உரமும் களைக்கொல்லியும் பரவின. பாரிசு நகரக் குப்பையும் எருவாக இடப்பட்டது. 1990களின் இறுதியில் இவ்வழக்கம் நின்ற பின்னும், அதிலிருந்த நெகிழித் துண்டுகள் சில தோட்டங்களின் மண்ணில் காணப்பட்டன. மண்ணின் சுவையைப் பற்றிப் பேசுவதற்கு முன் மண்ணையே மீட்க வேண்டும் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

குறிப்பிடத்தக்க உற்பத்தியாளர்கள்

- ஆன்செல்ம் செலோஸ் (அவீஸ்): பர்கண்டியின் போன் நகரில் பயின்றவர். ஒவ்வொரு துண்டு நிலத்தின் வைனையும் தனித்தனியே மரப்பீப்பாயில் நொதிக்க வைக்கும் முறையைப் பின்பற்றினார். 1986 முதல் ஆண்டுதோறும் புதிய வைனைப் பழையதுடன் சேர்த்து வரும் இருப்பிலிருந்து சுப்ஸ்டான்ஸ் என்னும் வைன் எடுக்கப்படுகின்றது.
- பியேர் லார்மாண்டியே (வெர்ட்டு): உயிரியக்க வேளாண்மையைக் கைக்கொண்டவர்களுள் ஒருவர். ஒரே ஊரின் திராட்சையில் சர்க்கரை சேர்க்காத வைனையும் தயாரித்தார்.
- ஃபிரான்சிஸ் எக்லி (அம்பொனே): வைன் வண்டலுடன் முதிர்ந்த காலம், வண்டல் நீக்கிய நாள் முதலியவற்றைப் புட்டியிலேயே அச்சிட்டார்.
- செரோம் பிரெவோ (கூ): 1998 முதல், ஏறத்தாழ 2 எக்டேர் அளவிலான ஒரே மெனியே தோட்டத்திலிருந்து வைன் தயாரித்து, கலப்புக்கு மட்டும் ஏற்றது எனக் கருதப்பட்ட இத்திராட்சையின் மதிப்பை உயர்த்தினார்.

புட்டியின் குறியீடுகள்

ஒவ்வொரு சாம்பேன் புட்டியின் ஒட்டுச்சீட்டிலும் சிறிய எழுத்தில் ஒரு பதிவெண் இருக்கும். அதன் முன்னுள்ள இரண்டு எழுத்துக்கள் தயாரித்தவர் யார் என்பதை உணர்த்துகின்றன.

- ஆர். எம். : தன் தோட்டத் திராட்சையில் தானே தயாரிக்கும் உழவர். வெளியிலிருந்து 5 விழுக்காடு வரை மட்டுமே திராட்சை வாங்கலாம்.
- என். எம். : திராட்சையை வாங்கித் தயாரிக்கும் வணிக இல்லம்.
- சி. எம். : கூட்டுறவு அமைப்பு.
- ஆர். சி. : கூட்டுறவில் தயாரான வைனைத் தன் பெயரில் விற்கும் உழவர்.
- எஸ். ஆர். : உழவர்கள் சிலர் சேர்ந்த நிறுவனம்.
- எம். ஏ. : அங்காடி போன்ற வாங்குநரின் சொந்தப் பெயர்.

திறனாய்வுகள்

ஆர். எம். என்னும் குறியீடு தயாரித்தவரைக் காட்டுமே அன்றித் தரத்தை உறுதி செய்யாது. உழவர் சாம்பேனிலும் எளிய வைன்கள் உண்டு. அண்டை நிலத்தாரிடம் சற்று மிகுதியாகத் திராட்சை வாங்கும் பொருட்டு என். எம். குறியீட்டைப் பெற்ற சிறு உற்பத்தியாளர்களும் உள்ளனர். நல்ல கலப்பும் ஒரு கலையே என வணிக இல்லங்கள் வாதிடுகின்றன.

சுண்ணப் பாறையின் கனிமங்களை வைனில் நேரடியாகச் சுவைக்க முடியும் என்ற கருத்தை மண்ணியல் அறிஞர்கள் ஏற்பதில்லை. நீர் வடிதல், வெப்பம், வேரின் ஆழம் ஆகியவற்றின் வழியாகவே நிலம் பழத்தின் இயல்பை மாற்றுகின்றது என்பது அவர்களின் விளக்கம்.

இன்றைய நிலை

2009 முதல் உழவர்கள் குழுக்களாகச் சேர்ந்து, புட்டியில் அடைப்பதற்கு முந்தைய வைன்களை இளவேனிலில் சுவைக்கத் தரும் நிகழ்வுகளை நடத்தி வருகின்றனர். 2015 இல் சாம்பேனின் சரிவுகளும் இல்லங்களும் நிலவறைகளும் யுனெசுக்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

புகழ் வளர்ந்தபோதும், தாமே புட்டியில் அடைக்கும் உழவர்களின் எண்ணிக்கை குறைந்து வருகின்றது. திராட்சைக்கு நல்ல விலை கிடைப்பதால், ஆண்டுக்கணக்கில் வைனை நிலவறையில் வைத்துக் காத்திருப்பதை விடப் பழமாகவே விற்பது பலருக்கு எளிதாக உள்ளது. எக்டேர் ஒன்றின் விலை சராசரியாக ஏறத்தாழ 10 இலட்சம் யூரோ ஆகிவிட்டதால், பெற்றோரின் நிலத்தை உடன்பிறந்தோரிடையே பிரிக்காமல் காப்பதும் கடினமாகின்றது. ஒரே ஊரில் மட்டும் நிலமுள்ள உழவருக்கு இயற்கைச் சீற்றத்தின் பாதிப்பும் மிகுதி. 2021 இல் உறைபனியும் அதனைத் தொடர்ந்த பூஞ்சண நோயும் தாக்கியபோது, வேறு ஊரின் விளைச்சலால் அவர் இழப்பை ஈடு செய்ய இயலவில்லை. வைனுக்குத் தனித்தன்மை அளிக்கும் அதே சிறு நிலமே அதனைத் தயாரிப்பவருக்கு இடராகவும் அமைகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

- வைன்
- நொதித்தல்
- பர்கண்டி
- புவிசார் குறியீடு