மூன்றாவது துளை

கடலில் ஓடும் கயாக்கின் முன்முனையை, எதிர்ப்படும் நீர் இருபுறமும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பின்முனையோ கலைந்த நீரில் பிடிப்பற்று மிதக்கிறது. பக்கக்காற்று அந்தப் பின்முனையைத் தள்ள, படகின் முகம் தானாகவே காற்றை நோக்கித் திரும்பிவிடும். இன்றைய கடற்கயாக்குகளின் பின்புறத்தில் நீருக்குள் இறக்கப்படும் சிறு தகடு இதைத் தடுப்பதற்கானது. படகின் அடி நேராக நீண்டிருந்தால் திசை மாறாது. வில்லென வளைந்திருந்தால் எளிதில் திரும்பும். ஒன்றைப் பெற மற்றொன்றில் சிறிது இழந்தாக வேண்டும்.

அலாஸ்காவின் தென்மேற்கே நீளும் அலூஷியன் தீவுகளின் உனாங்கன் மக்கள் இந்தக் கணக்கை ஏட்டில் எழுதியதில்லை, படகிலேயே எழுதினார்கள். மரங்கள் வளராத தீவுகள் அவை. கடல் கரையொதுக்கிய கட்டைகளால் சட்டகம் கட்டி, கடற்சிங்கத்தின் தோலைத் தைத்துப் போர்த்தினர். அடிமரம் ஒரே கட்டையாக இல்லாமல் துண்டுகளின் இணைப்பாக இருந்தமையால், படகு அலையோடு சற்று நெளிந்து கொடுத்தது. முன்முனை மேல், கீழ் என இரண்டாகப் பிளந்திருந்தது. மெலிந்த கீழ்ப்பகுதி நீரைக் கிழிக்க, அகன்ற மேற்பகுதி படகை அலைக்குள் புதையவிடாமல் தூக்கியது என்பதே பொதுவாகத் தரப்படும் விளக்கம். ஒரு வேட்டைக்காரன், அவனுக்கென ஒரு துளை: படகு அவன் உடலின் நீட்சியாக இருந்தது.

1741இல் பேரிங்கின் பயணம் இக்கடலை ரஷ்யாவுக்குக் காட்டிக்கொடுத்தது. கடல்நீர்நாயின் மென்மயிர்த் தோலைத் தேடி வணிகர்கள் வந்தனர். அவ்விலங்கைத் துரத்திப் பிடிக்கும் திறன் அவர்களிடம் இல்லை, உனாங்கன்களிடம் இருந்தது. எனவே உறவினரைப் பிணையாகப் பிடித்து வேட்டைக்கு அனுப்பினர். 1799இல் ரஷ்ய அமெரிக்க நிறுவனம் ஏகபோக உரிமை பெற்றது. வேட்டைக்காரர்கள் கலிபோர்னியா வரை கொண்டுசெல்லப்பட்டனர். நோயும் வன்முறையும் பட்டினியும் அம்மக்கள்தொகையின் பெரும்பகுதியை அழித்தன.

அக்காலத்தில்தான் மூன்று துளைப் படகு பெருகியது. முன்னும் பின்னும் உனாங்கன்கள் துடுப்பு வலிக்க, நடுத்துளையில் ரஷ்ய அதிகாரியோ பாதிரியாரோ அமர்ந்து சென்றார். உடல் நீண்டது, சுமை கூடியது, திரும்பும் லாவகம் குறைந்தது. காற்றுக்கும் அலைக்கும் ஏற்ப வடிவெடுத்த படகு, ஆட்சிக்கு ஏற்பவும் வடிவெடுத்தது.

1867இல் அலாஸ்கா அமெரிக்காவுக்கு விற்கப்பட்டபோது உனாங்கன்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. அருங்காட்சியகங்களில் அந்த மூன்று துளைப் படகைக் காணும் நாம், அதன் பிளந்த முனையை வியப்பதோடு, நடுத்துளையில் இருந்தவர் பெரும்பாலும் துடுப்பைத் தொடவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.