தலைமைச் செயலாளரின் நாற்காலி

அரசு ஊழியரின் வேலைக்கு இந்திய அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவே காவல். குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரித்து, அவர் தரப்பைக் கேட்காமல் பொதுவாக அவரை நீக்க முடியாது. இதன் வேர் 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் இருக்கிறது. 1949 அக்டோபரில், அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் சிலர் ஐ.சி.எஸ். அதிகாரிகளுக்கான உத்தரவாதத்தை எதிர்த்தனர். மனத்தில் பட்டதை அமைச்சரிடம் அஞ்சாமல் சொல்லும் அதிகாரிகள் நாட்டுக்குத் தேவை என்று வல்லபபாய் பட்டேல் அவர்களுடன் வாதாடினார்.

ஆனால் அந்தக் காவல் வேலைக்குத்தான், இருக்கைக்கு இல்லை. சம்பளத்தில் கை வைக்காமல் ஓர் அதிகாரியை வேலையற்ற மூலைக்கு மாற்றினால் 311 துணைக்கு வராது. உயர் அதிகாரிகள் மீதான அரசியல் பாகுபாடு பெரும்பாலும் இந்த வழியில்தான் நுழைந்தது.

இதை நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் இ.பி. ராயப்பா. 1969 நவம்பரில் தமிழகத் தலைமைச் செயலாளர் பொறுப்புக்கு வந்தவர். 1971 தேர்தலில் தி.மு.க. மீண்டும் வென்றபின், ஏப்ரலில், புதிதாக உருவாக்கிய மாநிலத் திட்டக் குழுத் துணைத் தலைவர் பதவிக்கு மாற்றப்பட்டார். அதை ஏற்காமல் விடுப்பில் போனார். 1972 ஜூனில் விற்பனை வரிச் சட்டங்களைத் திருத்தும் தனி அலுவலர் பணி தரப்பட்டது, அதையும் ஏற்கவில்லை. முதலமைச்சர் மு. கருணாநிதியின் உள்நோக்கமே மாற்றங்களுக்குக் காரணம் என்று உச்ச நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குத் தொடுத்தார்.

1973 நவம்பர் 23 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. உள்நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்றது. தலைமைச் செயலாளருக்கும் முதலமைச்சருக்கும் இடையே முழு இணக்கம் வேண்டும் என்பதையும் நீதிபதி பகவதி ஒப்புக்கொண்டார். அதே தீர்ப்பில் அவர், தன்னிச்சையான செயல் எதுவும் சமத்துவத்துக்குப் பகை என்று 14-ஆம் பிரிவுக்குப் புதுப் பொருள் தந்தார். 1978-இல் மேனகா காந்தி வழக்கில் அந்தக் கருத்து மேலும் வலுப்பெற்றது. மனுதாரருக்கோ நாற்காலி திரும்பவில்லை. அரசியல் நோக்கத்தை மெய்ப்பிக்கும் சுமை அதிகாரி தலையில் இருக்கும்வரை இத்தகைய வழக்கில் வெல்வது மிகக் கடினம்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் முதலானோர் தொடுத்த வழக்கில், பதவிக்குக் குறைந்தபட்சக் காலவரை வேண்டும் என்று 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2014 ஜனவரியில் ஐ.ஏ.எஸ். பணித்தொகுதி விதிகளில் மத்திய அரசு இரண்டு ஆண்டுக் காலவரையைச் சேர்த்தது. அதற்குமுன் மாற்ற வேண்டுமானால் அதிகாரிகள் குழு ஒன்று பரிசீலித்துப் பரிந்துரைக்க வேண்டும். குழுவின் பரிந்துரையை, காரணத்தை எழுதிவைத்து அரசு நிராகரிக்கவும் அதே விதிகள் இடமளிக்கின்றன.