ஐந்தா, ஏழா?

போன ஆவணியில் என் இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதில் இருந்த கட்டி 7 செ.மீ. பத்து நாள் கழித்துப் பயாப்ஸி அறிக்கை வந்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோது பிரிந்துகொண்டிருந்த செல்களின் எண்ணிக்கை 5 என்று போட்டிருந்தது. டாக்டர் முகத்தில் ஒரு தெளிச்சி. "எதுக்கும் இன்னொரு இடத்துல காட்டிடுங்க டீச்சர்" என்று ஸ்லைடுகளையும், திசுவை மெழுகில் பதித்து வைத்த பிளாக்கையும் கையில் கொடுத்தார். இரண்டாவது ஆய்வகம் 7 என்றது.

யார் மேலும் தப்பில்லை. கட்டியின் எந்தப் பகுதியைப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறுமாம். ஆனால் இரைப்பையில் 5 முதல் 10 செ.மீ. வரையுள்ள இந்த வகைக் கட்டியில், அந்த எண் 5-க்குள் இருந்தால் நோய் பரவுவது நூற்றில் 4 பேருக்கு. 5-ஐத் தாண்டினால் 55 பேருக்கு.

அரசு உயர்நிலைப் பள்ளியில் 31 வருஷம் வரலாறு நடத்தியவள் நான். ஒரு எண்ணைச் சொன்னால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க வராது. குரோம்பேட்டை வீட்டில் ஒன்றரை இட்லியை அரை மணி நேரம் மென்றுகொண்டு, மகள் அச்செடுத்துத் தந்த தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

நோயின் பெயர் ஜிஸ்ட். வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் 10 முதல் 15 பேருக்கு வருவது. சாப்பாட்டைத் தள்ளிவிடும்படி குடலுக்குத் தாளம் போட்டுக் கொடுக்கும் செல்கள் நம் வயிற்றில் உண்டு. 1906-இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின்காரர் ரமோன் இ காஹாலின் பெயரால் அவற்றைக் காஹால் செல்கள் என்கிறார்கள். அந்த இனத்துச் செல்கள் கெட்டுத்தான் இந்தக் கட்டி வருகிறது. இது தெரியாத காலத்தில் இதைத் தசைக் கட்டி என்றே எழுதிவந்தார்கள். வெட்டுவார்கள். திரும்பி வந்தால் கீமோ கொடுப்பார்கள், அது அநேகமாகக் கேட்காது. 1998-இல்தான் ஜப்பானில் ஹிரோத்தாவும் அவர் குழுவினரும், இந்தக் கட்டிகளில் 'கிட்' என்ற மரபணு பழுதுபட்டிருப்பதைக் கண்டு சொன்னார்கள்.

அதற்குப் பிறகு வாஷிங்டனில் நடந்த ஒரு வேலையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கே அமெரிக்க ராணுவத்தின் நோயியல் கழகம் இருந்தது. 1862-இல், உள்நாட்டுப் போர்க் காலத்தில், ராணுவ மருத்துவ அருங்காட்சியகமாகத் தொடங்கியது. அறுவையில் எடுத்த திசுக்கள் மெழுகுக் கட்டிகளாக அங்கே பத்து இருபது வருஷக் கணக்கில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மியெத்தினன், சோபின், லசோட்டா என்ற மூன்று பேர், தசைக் கட்டி என்று பெயர் எழுதியிருந்தவற்றையெல்லாம் மறுபடி எடுத்து, சீவி, சாயமேற்றிப் பார்த்தார்கள். அந்தக் கட்டிக்கு உரியவர் பிறகு என்ன ஆனார், எத்தனை வருஷம் இருந்தார் என்று விசாரித்தார்கள். இரைப்பையில் மட்டும் 1,765 பேர். கணக்கு 2005-இல் வெளிவந்தது. என் 4-ம் 55-ம் அவர்களுடையவை. தனக்கு வந்தது என்ன நோய் என்றே தெரியாமல் போனவர்கள் அதில் எத்தனை பேரோ! அவர்கள் மெழுகில் விட்டுப்போனதை வைத்துத்தான் இன்று ஒரு டாக்டர் என்னிடம் பேசுகிறார்.

பாடம் நடத்தும்போது பிள்ளைகளிடம் எப்போதும் ஒன்று கேட்பேன்: இந்தக் கணக்கு யாருடைய காலத்துக் கணக்கு? அதை என்னையே கேட்டுக்கொண்டபோதுதான் புரிந்தது. அந்த 55, வெட்டியதோடு விட வேண்டியிருந்தவர்களின் கணக்கு. அவர்களுக்கு மாத்திரை இல்லை.

மாத்திரை வந்தது 2000 மார்ச்சில். ரத்தப் புற்றுநோய்க்காக உருவாக்கிய இமாட்டினிப், கிட் புரதத்தையும் அடக்கும் என்று தெரிந்து, ஹெல்சின்கியில் ஜிஸ்ட் பரவிய ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். சில வாரங்களில் கட்டிகள் சுருங்கின. பிறகு, அறுவைக்குப் பின் திரும்பி வரும் ஆபத்து அதிகமுள்ள 400 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஒரு வருஷம், பாதிப் பேருக்கு மூன்று வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் முடிவு வந்தது. ஐந்தாம் வருஷம் உயிரோடு இருந்தவர்கள்: ஒரு வருஷம் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 82, மூன்று வருஷம் சாப்பிட்டவர்களில் 92.

ஸ்கேனுக்கு மின்சார ரயிலில் போகும்போது கிண்டி வரும். காப்புரிமை அலுவலகம் இப்போது இருப்பது அங்கேதான். ஹிரோத்தாவின் கட்டுரை வந்த அதே 1998-இல், இமாட்டினிப்பின் ஒரு படிக வடிவத்துக்கு உரிமை கேட்டு நோவார்ட்டிஸ் நிறுவனம் விண்ணப்பித்தது சென்னை அலுவலகத்தில். 2006 ஜனவரியில் அது நிராகரிக்கப்பட்டது. நிராகரிப்புக்குக் காரணமான சட்டப் பிரிவையே எதிர்த்து நிறுவனம் போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளியது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று உரிமை கிடையாது என்று விஷயத்தை முடித்தது. அன்று நோவார்ட்டிஸ் விற்ற இமாட்டினிப்பான கிளிவெக் மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். நம் ஊர்க் கம்பெனிகளின் மாத்திரை 10,000 ரூபாய்க்குள். ஓய்வூதியத்தில் நான் வாங்குவது இந்த இரண்டாவது மாத்திரையை. அந்த உரிமையை எதிர்த்து வழக்கு நடத்தியவர்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. கிண்டி வரும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

மாத்திரை சாப்பிட்டால் காலையில் கண்ணிமை வீங்கிக் கிடக்கிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். "சரியாயிடுச்சா டீச்சர்?" என்று பக்கத்து வீட்டில் கேட்கும்போதுதான் திணறுகிறேன். ஆச்சு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்கேனுக்கு முந்தின வாரம் வயிற்றில் ஒரு சுருக் என்றாலும் கை தானாக அங்கே போய்விடும். "அஞ்சுன்னே வெச்சுக்குவோம்மா" என்றாள் மகள், ஒரு ராத்திரி. அவளுக்கும் தூக்கமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. "ஏழுன்னு வெச்சுதான்டி மூணு வருஷமும் சாப்பிடப் போறேன்" என்றேன். அதற்கப்புறம் நாங்கள் அந்த எண்ணைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த ஸ்கேன் மாசியில்.

அறுவை செய்துகொண்ட யாராவது இதைப் படித்தால், உங்கள் பிளாக் எங்கே இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். வீட்டுக்குக் கொடுத்தால் வெயில் படாத இடத்தில் பத்திரமாக வையுங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று மருத்துவமனையிலிருந்து போன் வந்தால், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும், எடுத்துப் பதில் சொல்லுங்கள்.