ஒளிப்படத்தின் ஆக்கியோன்: உதவியாளர் உரிமை பற்றியதொரு வரலாற்று நோக்கு

நூலின் சிறப்புப் பாயிரத்திற்கு இலக்கண நூலார் வகுத்த எட்டு உறுப்புகளுள் ஆக்கியோன் பெயரே முதற்கண் நிற்பது. நூலுக்கு எளிதாகும் இவ்வரையறை ஒளிப்படத்திற்கு எளிதாவதன்று. சென்னையின் மேற்புறத்தே அம்பத்தூரை அடுத்துள்ள கொரட்டூரில் ஒரு திருமணம் நிகழ்வதாகக் கொள்வோம். படமெடுக்கும் பணியை ஏற்றவர் ஒருவர். அவரால் நாட்கூலிக்கு அமர்த்தப்பெற்று மணமேடையின் ஒருபால் நின்று படமெடுப்பவர் மற்றொருவர். பொருள் தருபவர் மணவீட்டார். அவ்வுதவியாளர் தாம் எடுத்த படங்களைத் தொகுத்துத் தம் திறத்துக்குச் சான்றாகப் பிறர்க்குக் காட்டலாமோ? அடுத்த பணியைப் பெறுதற்கு அத்தொகுப்பே அவர்க்குக் கருவியாதலின், இவ்வினா அவர்தம் வாழ்க்கையைப் பற்றியதாகும். இதற்குரிய விடை காலந்தோறும் மாறிவந்துள்ளது.

1. சென்னையில் ஒளிப்பட உதவியாளர்

சென்னை அரசாங்கம் 1856ஆம் ஆண்டில் கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பாரை அரசாங்க ஒளிப்படக் கலைஞராக அமர்த்தியது. மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய இடங்களில் அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டொன்றை 21 படங்களாக எடுத்து ஒரே நீள்படமாக இணைத்தமை அவர் பணிகளுள் தலையாயது. அவருக்கு உதவியாளராய் விளங்கியவர் சி. ஐயாசாமி என்னும் தமிழர். பின்னர்த் தாமும் ஒளிப்படக் கலைஞராயினார். ஆயின் அத்தொகுதிகள் டிரைப் பெயராலேயே வழங்குகின்றன.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. அப்பெரிய கோயிலின் கல்வெட்டுகள், அதனை எடுத்த இராசராசப் பெருந்தச்சனோடு, உடன் பணிபுரிந்த நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் ஆகியோர் பெயரையும் குறிக்கின்றன. துணைநின்றார் பெயரைக் கல்லிற் பொறித்த மரபு, அக்கல்லைப் படமெடுத்த காலத்துத் தாளில் இடம்பெறவில்லை.

2. சட்டம் கண்ட ஆக்கியோன்

1911ஆம் ஆண்டின் ஆங்கிலப் பதிப்புரிமைச் சட்டம், 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் மூல நெகட்டிவ் ஆக்கப்பெற்றபோது அதனை உடையவர் எவரோ அவரையே ஒளிப்படத்தின் ஆக்கியோனாகக் கொண்டது. எனவே, எடுத்த கை எவர் கையாயினும் நெகட்டிவை உடைய முதலாளியே ஆக்கியோன் ஆவர். உடைமையே ஆக்கமாயிற்று.

இந்நிலையை மாற்றியது 1957ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 1958 சனவரி 21 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியப் பதிப்புரிமைச் சட்டம். படத்தை எடுப்பவரே அதன் ஆக்கியோன் என அது வரையறுத்தது. அன்று முதல் உதவியாளரும், தாம் எடுத்த படத்தைப் பொறுத்தவரை, ஆக்கியோன் ஆயினார்.

ஆயினும் ஆக்கியோனாதல் வேறு, உடையோனாதல் வேறு. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, பொருள் பெற்றுக்கொண்டு பிறர் வேண்டியதற்கிணங்க எடுத்த படத்திற்கு வேண்டியவரே முதல் உடைமையாளர்; பணியாளர் தம் வேலையின்கண் எடுத்ததற்கு முதலாளியே உடைமையாளர். மாறான உடன்பாடு இருப்பின் மட்டுமே இவை மாறும். ஆகவே, உடன்பாடின்றி உதவியாளர்க்கு உடைமை கிட்டுதல் அரிது. பணியை ஏற்றவரும், மணவீட்டாரோடு உடன்பாடு செய்திலரேல், தமக்கில்லாத உரிமையை உதவியாளர்க்கு வழங்கவியலாது. ‘எடுத்துக்கொள்’ என்னும் வாய்ச்சொல்லும் போதாது. உரிமம் எழுத்தில் அமைதல் வேண்டுமென்பது 30ஆம் பிரிவு.

3. எஞ்சி நிற்பது

உடைமை நீங்கினும் நீங்காதது ஒன்றுண்டு. படைப்பு தம்முடையது எனக் கூறும் உரிமையை 57ஆம் பிரிவு ஆக்கியோனுக்கே அளிக்கின்றது. ஆதலின் ‘இப்படம் யான் எடுத்தது’ என்று உதவியாளர் கூறுவதை உடைமையாளர் மறுத்தல் இயலாது. படத்தைப் படியெடுத்து வெளியிடுதற்கே இசைவு வேண்டும்.

2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு மேலும் வலுவூட்டியது. அதற்குமுன் ஒளிப்படத்தின் உரிமைக்காலம் வெளியீட்டு ஆண்டிலிருந்து கணக்கிடப்பட்டது. அத்திருத்தத்தின்பின், ஆக்கியோன் வாழ்நாளும் அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் என்றாயிற்று. எனவே எடுத்தவர் இன்னார் என அறிந்தாலன்றி உரிமைக்காலத்தைக் கணித்தல் ஒல்லாது. உதவியாளர் பெயரைக் குறித்துவைத்தல் நன்றியுணர்வால் மட்டுமன்றிச் சட்டத் தேவையாலும் வேண்டற்பாலதாயிற்று.

ஆகவே, மணவீட்டாரோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே, படமெடுப்போர் அனைவரும் தத்தம் படங்களைத் தொழிற்சான்றாகக் காட்டுதற்கு இசைவும் அதன் வரம்பும் எழுதப்பெறுதல் முறையாகும். படத்தில் இடம்பெற்றோர் விரும்பாதவை அவ்வரம்பினால் விலக்கப்படும். நூலுக்குப் பாயிரம் செய்யும் பணியை ஒளிப்படத்திற்கு இவ்வொப்பந்தமே செய்யவல்லது என்க.